மண் சரியும் இடமும் தவளை முட்டையிடும் இடமும்: ஆனைமலை முதல் குளத்துப்புழை வரை

திங்கள், ஆழியாறு – வால்பாறை

ஆழியாறு சோதனைச்சாவடி தாண்டியதும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஜூன் முதல் வாரம், தென்மேற்குப் பருவமழை இப்போதுதான் பிடித்திருக்கிறது. மலைச்சாலையில் இந்த நேரத்தில் பார்க்க வேண்டியது மேல்பக்கப் பாறையை அல்ல, கீழ்ப்பக்கச் சரிவை. கோடையில் சாலையை அகலப்படுத்தும்போது மலையை வெட்டிய மண் எங்கே போனது என்பது மழை வந்த பிறகுதான் தெரியும்.

பெரும்பாலான மலைச்சாலைகளில் அது லாரியில் ஏறிப் போவதில்லை. பொக்லைன் அப்படியே பள்ளத்துப் பக்கம் தள்ளிவிடும். அந்த மண்ணில் வேர் இல்லை, இறுக்கம் இல்லை. முதல் கனமழையிலேயே பெருங்கல்லும் சரளையும் சிறிது தூரம் உருண்டு நின்றுவிடும். மாவு போன்ற நுண்மண் நிற்காது. ஓடையில் இறங்கி, நீர் வேகம் குறையும் இடம்வரை போய் அங்கே படியும். அந்த இடத்தில்தான் மேற்குத்தொடர்ச்சி மலையின் அரிய தவளைகள் பல முட்டையிடுகின்றன. சாலைப் பணி அறிக்கையில் ‘மரம் வெட்டப்படவில்லை’ என்று எழுதியிருக்கும். அது உண்மையாகவும் இருக்கும். ஒரு மரம்கூடச் சாயாமல் ஒரு தவளை இனத்தின் இனப்பெருக்க இடம் அழிந்துபோக முடியும். இந்தத் தொடர் முழுக்க அதைப் பற்றித்தான்.

சாலையிலேயே இன்னும் இரண்டு விஷயங்கள் கண்ணில் படுகின்றன. ஒன்று, மேல்பக்கத்துக் கான்கிரீட் வடிகால். சுவர் செங்குத்து, உள்பக்கம் வழவழப்பு. மரத்தவளைக்கு விரல் நுனியில் ஒட்டும் வட்டு இருப்பதால் ஏறிவிடும். தேரை, சருகுக்குள் வாழும் தவளை, காலே இல்லாமல் மண்புழு போல் இருக்கும் இருவாழ்வியான சிசிலியன் ஆகியவற்றால் முடியாது. ராத்திரி ஓடையைத் தேடி இறங்கும்போது விழுந்தவை மழை விட்ட அடுத்த வெயிலில் காய்ந்துபோகும். இதற்குத் தீர்வு மலிவானது. வடிகாலின் ஒரு பக்கச் சுவரைச் சாய்வாகக் கட்டலாம். ஏற்கெனவே கட்டியதென்றால் இடையிடையே கல் பதித்துச் சொரசொரப்பான சரிவு வைக்கலாம்.

இன்னொன்று குழாய்ப் பாலம். குழாயின் வெளிவாய் ஓடைப் படுகைக்கு மேலே தொங்கினால், விழும் நீர் கீழே குழி பறிக்கும், கரையை அரிக்கும், அங்கிருந்தும் வண்டல் கிளம்பும். அடியிலிருந்து மேலே போக வேண்டிய உயிருக்கு வழியும் அடைபடும். குழாயின் அடி, விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்காவது படுகைக்குக் கீழே புதைந்து, அதன் மேல் ஓடையின் சொந்தக் கல்லும் மணலும் பரவியிருக்க வேண்டும். விட்டமும் ஓடையின் இயல்பான அகலத்துக்குக் குறையக் கூடாது. குறுகினால் நீர் பீறிட்டு உள்ளே இருக்கும் கல்லையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும்.

ஓடையில் இறங்கும் முன் ஒரு கட்டாயம். தவளைத் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை மேற்குத்தொடர்ச்சி மலையிலும் பதிவாகியிருக்கிறது. ஓர் ஓடையிலிருந்து அடுத்த ஓடைக்குப் போகும்போது பூட்ஸ் அடியில் உள்ள சேற்றைப் பிரஷ் போட்டு முழுக்கத் தேய்த்து எடுக்க வேண்டும். சேறு இருந்தால் மருந்து வேலை செய்யாது. பிறகு 1 சதவீத விர்கான் கிருமிநாசினிக் கரைசல், அது கிடைக்காவிட்டால் ப்ளீச். கழுவிய நீர் ஓடையில் கலக்கக் கூடாது. முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்த இடம்.

செவ்வாய், வால்பாறை ஓடைகள்

வால்பாறைப் பீடபூமி சுமார் 220 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி தேயிலை, கொஞ்சம் காபி. நடுவில் தீவு தீவாக மழைக்காட்டுத் துண்டுகள், சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம். ஒரே ஓடை காட்டுத் துண்டுக்குள் இருந்து தேயிலைக்குள் வந்து மறுபடி காட்டுக்குள் நுழைவதை இங்கே நிறைய இடத்தில் பார்க்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

காட்டுக்குள் இருக்கும் பகுதியில், நீர்த்திவலை தெறிக்கும் பாறை மேல் கட்டைவிரல் நுனி அளவே உள்ள நடனத் தவளை, மிக்ரிக்ஸலஸ் பேரினம். ஓடையின் இரைச்சலில் குரல் மட்டும் எடுபடாது. அதனால் ஆண் பின்னங்காலை முழு நீளத்துக்கு நீட்டி, விரலிடைச் சவ்வை விரித்துக் காட்டி, ஓர் அரைவட்டம் சுழற்றி மடக்கும். இந்தப் பேரினம் மேற்குத்தொடர்ச்சி மலை தவிர உலகில் வேறெங்கும் இல்லை. 2014இல் மட்டும் 14 புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன. 2023இல் வெளியான உலக இருவாழ்விகள் மதிப்பீட்டின்படி 8,011 இனங்களில் சுமார் 41 சதவீதம் அழியும் ஆபத்தில் இருக்கின்றன. ஆபத்தில் உள்ளவற்றில் 93 சதவீதத்துக்கு வாழிட அழிவு ஒரு காரணம். உலகில் அழியும் ஆபத்து மிக அதிகமுள்ள தவளைப் பேரினங்களில் நடனத் தவளையும் ஒன்று.

இந்தத் தவளை பின்னங்காலை வீசுவதைப் பார்க்க எல்லோரும் வருகிறார்கள். அது முட்டையிடும் விதம்தான் நாம் கவனிக்க வேண்டியது. விரிவாக ஆராயப்பட்ட இனங்களில் பெண், ஆழமில்லாத ஓட்டத்தில் பின்னங்காலால் படுகையைக் கிளறிச் சிறு குழி பறிக்கிறது, முட்டையிடுகிறது, சரளையாலும் மணலாலும் மூடிவிடுகிறது. 2016இல் ஒரு நடனத் தவளை இனத்தின் தலைப்பிரட்டையைக் கண்டுபிடித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. விலாங்கு போன்ற உடல், வலுவான வால், தோல் மூடிய கண். அது நீரில் நீந்துவதில்லை, படுகைச் சரளைக்குள் புதைந்தே வளர்கிறது.

ஆக, இந்தத் தவளைக்கு ஓடை என்றால் தண்ணீர் அல்ல, கற்களுக்கு இடையே உள்ள வெற்றிடம். அந்த வெற்றிடத்தின் வழியாக நீர் ஊறி ஓடிக்கொண்டிருந்தால்தான் முட்டைக்கு ஆக்சிஜன். நுண்மண் வந்து அடைத்தால் மேலே தெளிந்த நீர் சலசலத்துக்கொண்டே இருக்கும், அடியில் முட்டை மூச்சுமுட்டிச் சாகும். படம் எடுத்தால் அழகான ஓடையாகத்தான் தெரியும்.

இதில் மாதக் கணக்கும் உண்டு. இவை முட்டையிடுவது பெரும்பாலும் மழை ஓய்ந்து ஓட்டம் தணியும் அக்டோபர், நவம்பர் வாக்கில். சாலை மண் இறங்குவது ஜூனில். ‘இனப்பெருக்கக் காலத்தில் வேலை செய்யவில்லை’ என்ற விளக்கம் இங்கே பொருந்தாது. ஜூனில் அடைபட்ட சரளை அக்டோபரிலும் அடைபட்டே இருக்கும். பெருவெள்ளம் ஒன்று வந்து படுகையைப் புரட்டினால் ஓரளவு சுத்தமாகும். மேலே மண்குவியல் இருக்கும்வரை அதுவும் தற்காலிகமே.

வண்டலை அளக்க எளிய முறை நூறு கல் எண்ணிக்கை. ஓடையின் ஆழமில்லாத ஓட்டப் பகுதியில் கரையிலிருந்து மறுகரைக்குக் குறுக்காக நடக்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் கண்ணைத் திருப்பிக்கொண்டு, கால் கட்டைவிரலுக்கு முன்னால் கைவிரலில் முதலில் தட்டுப்படும் கல்லை எடுத்து அதன் நடு அகலத்தை, அதாவது மிக நீண்ட பக்கமும் மிகக் குறுகிய பக்கமும் அல்லாத அளவை, அளக்கணும். நூறு ஆகும்வரை குறுக்கும் மறுக்கும். 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தவை எத்தனை என்பதுதான் நமக்கு வேண்டிய எண். தனியாக ஓர் எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. சாலை கடக்கும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என ஒப்பிட வேண்டும். கண்ணால் பார்த்துக் கல் தேர்ந்தெடுத்தால் பெரிய கல்லாகவே கை போகும், கணக்கு கெடும். முட்டைப் பருவத்தில் இந்த வேலையையே செய்யக் கூடாது. மிதிப்பதே சேதம்.

தேயிலைப் பகுதியில் ஓடையின் மேல் நிழல் இல்லை. இருக்கும் நிழலும் சில்வர் ஓக் மரத்துடையது, அடிக்கடி கவாத்து செய்யப்படுவது. வெயில் பட்டால் நீர் சூடாகும், சூடான நீரில் ஆக்சிஜன் குறையும். பாறையில் பாசி தழைக்கும், அதன் மேல் வண்டல் ஒட்டும். ஓடைக்கு மேலே தொங்கும் இலையில் முட்டையிடும் இரவுத் தவளைகளுக்கு, நிக்டிபட்ராகஸ் பேரினம், தொங்கும் இலையே இருக்காது. அவற்றின் முட்டை பொரிந்து தலைப்பிரட்டை நேரே நீரில் விழ வேண்டும். கரையில் ஒரு புதரை ‘சுத்தம்’ செய்தாலே அந்தப் பருவம் போயிற்று.

புதன், சருகுத்தரை

நேற்று ராத்திரி தேயிலைக்குள்ளிருந்தும் நன்றாகவே சத்தம் கேட்டது. இதை வைத்துத் தோட்டத்திலும் தவளை நிறைய இருக்கிறது என்று எழுதுவார்கள். கத்துவது ஆண். எதையும் தாங்கும் சில புதர்த்தவளை இனங்கள் தேயிலைச் செடியிலும் உட்கார்ந்து கத்தும். முட்டை தேறுகிறதா என்பது வேறு கேள்வி.

புதர்த்தவளைகள், ரவோர்கெஸ்டஸ் பேரினம், தலைப்பிரட்டை நிலையே இல்லாதவை. ஈரச் சருகின் அடியிலோ இலை மேலோ கொஞ்சமாக முட்டை. சில வாரத்தில் முட்டைக்குள்ளிருந்து நேரே குட்டித் தவளையாக வெளிவரும். குளம் வேண்டாம், ஓடை வேண்டாம். ஆனால் முட்டை அத்தனை நாளும் காயாமல் இருக்க வேண்டும். அந்த ஈரத்தைக் கொடுப்பது மழை அல்ல, மழையை விடாமல் பிடித்து வைத்திருக்கும் சருகும் அதன் மேல் உள்ள நிழலும். மழை இரண்டு நாள் விட்டால் காட்டுக்குள் சருகின் கீழ்ப்படுகை ஈரமாகவே இருக்கும், கூட்டிப் பெருக்கிய தோட்டத்தில் தரை மதியத்துக்குள் வெளுத்துவிடும்.

காபித் தோட்டமும் ஏலத்தோட்டமும் தேயிலையைவிட நல்லவைதான், மேலே நாட்டு மரம் இருந்தால். ஆனால் ஏலத்தில் அடிப்புதரை மொத்தமாக எடுத்துவிடுகிறார்கள், தூரைச் சுற்றிச் சருகை ஒதுக்குகிறார்கள், மருந்து அடிக்கிறார்கள். தவளையின் தோல் நீரை உறிஞ்சுவதற்கே ஆனது. களைக்கொல்லியும் அதே வழியில்தான் உள்ளே போகும். மண்வெட்டிக்கு இரையாவது சிசிலியன். ஈரமண்ணில் குழி பறித்து முட்டையைச் சுற்றிக்கொண்டு தாய் கிடக்கும். பாம்பென்று நினைத்து வெட்டிவிடுகிறார்கள். அதற்கு விஷம் கிடையாது, பயிருக்கும் கெடுதல் இல்லை. மண்ணில் உள்ள புழு பூச்சிதான் அதன் இரை.

ஆண்டிப்பாறைச் சோலைப் பக்கம் பச்சை நிறப் பறக்கும் தவளை ஒன்று உண்டு, ராக்கோஃபோரஸ் சூடோமலபாரிகஸ். ஆனைமலையிலிருந்து 2000ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்டது. தேங்கிய நீருக்கு மேலே உள்ள செடியில் நுரைக்கூடு கட்டும். குட்டைக்குக் குறைவே இல்லாத ஊரில் இதற்கு என்ன ஆபத்து என்று தோன்றலாம். வண்டிச் சக்கரம் பதிந்த பள்ளத்திலும் நீர் தேங்கும். தவளைக்கு அதுவும் குட்டைதான். தலைப்பிரட்டை கால் முளைத்து வெளியேறப் பல வாரம் வேண்டும். சக்கரப் பள்ளம் மழை இடைவெளியில் வற்றிவிடும், வற்றாவிட்டால் அடுத்த வண்டி ஏறும். குட்டை இல்லாத இடத்தைவிட இப்படிப் பொய்க் குட்டை உள்ள இடம் மோசம். முட்டையையெல்லாம் இழுத்து வைத்துக்கொண்டு ஒன்றும் திருப்பித் தராது. தோட்டப் பாதைகளில் இந்தப் பள்ளங்களை மே மாதமே சரளை போட்டு நிரப்பிவிட்டு, பாதையிலிருந்து தள்ளி நிழலில் உள்ள இயற்கைக் குட்டையைத் தொடாமல் விடுவது சரியான வேலை.

எவ்வளவு தூரம் விட வேண்டும்? ஓடைக்கரையில் பத்து மீட்டர் விட்டோம் என்று திருப்திப்படுகிறவர்கள் உண்டு. வட அமெரிக்க ஈரநில ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் வந்த கணக்கு, இருவாழ்விகளுக்கு நீர்க்கரையிலிருந்து 159 முதல் 290 மீட்டர் வரை தரைவாழிடம் தேவை என்கிறது. நம் மலைக்கு அதே எண்ணை ஒட்டவைக்க முடியாது, இங்கே பல இனங்கள் நீருக்கே வருவதில்லை. ஆனால் கரைப்பட்டை வண்டலைத் தடுக்கிற வேலிதானே தவிர, தவளையின் வீடு முழுவதும் அதற்குள் அடங்கிவிடாது.

இங்கே துண்டுக் காடுகளில் நாட்டு மர நாற்று நட்டு மீட்கும் பணி 2000களின் தொடக்கத்திலிருந்தே நடக்கிறது. முதலில் உண்ணிச்செடி போன்ற களையை எடுக்க வேண்டியிருக்கும். மொத்தமாகப் பிடுங்கித் தரையை வெறுமையாக்கினால் நாற்றுக்கும் கேடு, தரைக்கும் கேடு. நாற்று வைக்கும் குழியைச் சுற்றி மட்டும் எடுத்து, எடுத்த தழையை அங்கேயே மூடாக்காகப் போடுவதுதான் முறை.

வியாழன், சின்னார் – மறையூர் – மூணாறு

நீண்ட பயணம், மழைமறைவுப் பகுதி, சொல்ல அதிகமில்லை. உடுமலையிலிருந்து சின்னார் வழியாக ஏறும்போது முள்காடு மெல்ல மெல்லச் சோலையாக மாறுவதைப் பார்க்கலாம்.

மூணாறு தாண்டி தேவிகுளம் பக்கம் கேப் ரோடு. கொச்சி – தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது 2019, 2020 ஆண்டுகளில் பெரிய சரிவுகள் நடந்த இடம். செங்குத்துப் பாறையின் அடியை வெட்டினால் மேலே உள்ளது தாங்குவதில்லை. சரிந்த பொருள் மனிதருக்கும் தோட்டத்துக்கும் செய்த சேதம் எல்லோரும் அறிந்தது. கீழே போன ஓடைகளின் கணக்கை யாரும் பெரிதாக எடுத்ததாகத் தெரியவில்லை. பாறை விழுந்த ஓடை காலப்போக்கில் புது வழி தேடிக்கொள்ளும். மூடாத சரிவு முகத்திலிருந்து ஆண்டுதோறும் கழுவப்பட்டு வரும் நுண்மண்தான் நீண்டநாள் நோய்.

மலையில் மண்வேலை தவிர்க்க முடியாதென்றால் மேற்குச் சரிவில் டிசம்பர் முதல் மார்ச் வரை வெட்டி, ஏப்ரலுக்குள் மூடிவிட வேண்டும். மூடுவது என்றால் சணல் வலை விரித்து அடியில் நாட்டுப் புல் தூரை நெருக்கமாக நட்டு, கோடை மழையிலேயே வேர் பிடிக்க வைப்பது. பிளாஸ்டிக் வலையில் பாம்பும் தவளையும் சிக்கிச் சாகும். வெட்டிய மண்ணைக் கொட்டும் இடத்தை வேலை தொடங்கும் முன்பே முடிவுசெய்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் லாரி நடைக்குத் தனியாகப் பணம் ஒதுக்காத எந்தச் சாலையிலும் மண் பள்ளத்துக்குத்தான் போகும்.

வெள்ளி, இரவிகுளம்

ஆனைமுடி, 2,695 மீட்டர். உச்சிப் புல்வெளியில் செம்மஞ்சள் நிறத்தில், முதுகெல்லாம் சுரப்பிப் புடைப்புகளோடு ஒரு புதர்த்தவளை, ரவோர்கெஸ்டஸ் ரெஸ்ப்ளெண்டன்ஸ். 2010இல் விவரிக்கப்பட்டது, மிக அருகிவிட்ட இனம். சுற்றுலாப் பயணிகளுக்கு அந்த உச்சிக்கு அனுமதி இல்லை, இருக்கவும் கூடாது. புல் தூரின் அடியில் எப்போதும் பஞ்சு போல ஈரம் நிற்கும். அந்த ஈரமே அதன் வீடு. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரம் புகுந்தால் புல் நிழலில் சாகும், தூர் மறையும். வாட்டிலை வெட்டிவிட்டால் போதாது. விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், வெட்டித் திறந்த இடத்தில் கூட்டமாக முளைக்கும். ஆண்டுதோறும் நாற்றைக் கையால் பிடுங்குவதற்கு ஆள் இருந்தால்தான் வெட்டத் தொடங்க வேண்டும். மழை நேரத்தில் இழுத்தால் வேரோடு வரும்.

சனி, கட்டப்பனை

ஊதாத் தவளையின் ஊர். 2003இல் உலகுக்கு அறிமுகமான நாசிகபட்ராகஸ், நெருங்கிய உறவினர் செஷல்ஸ் தீவுகளில். ஆண்டு முழுக்க மண்ணுக்கடியில் கரையான் தின்று வாழ்ந்து, பருவமழைக்கு முந்தைய மழையில் சில நாள் மட்டும் மேலே வரும். பருவ ஓடையின் பாறை இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டு மறுபடி மண்ணுக்குள் போய்விடும்.

இப்போது பார்க்க வேண்டியவை தலைப்பிரட்டைகள். வாய் முழுவதும் உறிஞ்சுவட்டு. நீர் பாய்ந்து விழும் பாறை முகத்தில் வரிசையாக ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டுகின்றன. விரலால் தொட்டால்கூட எளிதில் விடாது. இப்படி நூறு நாளுக்கு மேல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒட்டுவதற்குப் பாறை சுத்தமாக இருக்கணும். நுண்மண் படலம் படிந்தால் வட்டு வழுக்கும், அதற்கு அடியில் பாசியும் வளராது.

ஏலத்தோட்ட மண்ணில் வளர்ந்த தவளை பிழைத்துக்கொள்கிறது, பொலபொலப்பான ஈரமண்ணே அதற்குப் போதும். அதனால் தோட்டத்தில் ஒன்று தோண்டும்போது கிடைத்தால் ‘இங்கே நன்றாக இருக்கிறது’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அது முட்டையிட நடந்துபோகும் ஓடை எப்படி இருக்கிறது? பாசனத்துக்காகச் சின்னத் தடுப்பணை கட்டினால் மேலே நீர் தேங்கி வண்டல் படியும், வேகநீர் பாறை மூழ்கும். கீழே மழை விட்ட நாளில் பாறை காயும். ஒரே சுவரால் இரண்டு பக்கமும் போயிற்று. கரைச்சுவர் கட்டும்போது பாறை இடுக்குகளைச் சிமென்ட் பூசி அடைப்பது இன்னொரு கேடு, முட்டையிடும் இடமே அதுதான். நீர் வேண்டுமென்றால் ஓடைக்குக் குறுக்கே சுவர் எழுப்பாமல் பக்கவாட்டில் குழாய் வைத்து, தோட்டத்துக்குள் தொட்டியில் பிடிக்கலாம். மழைக்காலத்தில் நிரப்பி வைத்துக்கொண்டால் வறண்ட நாளில் ஓடையைத் தொட வேண்டியதில்லை.

2017இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலிருந்து இரண்டாவது ஊதாத் தவளை இனம் விவரிக்கப்பட்டது. கிழக்குச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. வியாழனன்று சொன்ன வேலைக் காலத்தை அங்கே அப்படியே பயன்படுத்த முடியாது. டிசம்பர் அங்கே காய்ந்த மாதம் அல்ல.

திங்கள், குளத்துப்புழை

கடைசி இடம், முந்நூறு மீட்டருக்கும் கீழே. காட்டு ஜாதிக்காய்ச் சதுப்பு. மரங்களின் முட்டுவேர் சேற்றிலிருந்து முழங்கால் போல் வளைந்து எழுந்து மறுபடி சேற்றுக்குள் போகிறது. கேரளம் முழுக்கச் சேர்த்தாலும் இந்தச் சதுப்பு சுமார் ஒன்றரை சதுர கிலோமீட்டர்தான் மிச்சம். பள்ளத்தாக்கின் தட்டையான அடித்தளத்தில் இருப்பதால் நெல்லுக்கும் பாக்குக்கும் முதலில் பலியானது இதுவே.

2013இல் விவரிக்கப்பட்ட மெர்க்குரானா என்ற மரத்தவளை இந்தச் சதுப்புகளைச் சார்ந்தது. பெருமழைக்கு முன்பே, சதுப்பு இன்னும் நீரில் மூழ்காதபோது மரத்திலிருந்து இறங்கி வரும். பெண் ஈரச் சேற்றில் ஆழமில்லாத குழி பறித்து முட்டையிடும். முட்டை அங்கேயே வளர்ந்து காத்திருக்கும். பருவமழையில் சதுப்பு பெருகும்போது நீர் குழிக்கு ஏறித் தலைப்பிரட்டைகளை எடுத்துக்கொள்ளும்.

இந்த ஏற்பாடு முழுக்கச் சில அங்குல நீர்மட்டத்தில் நிற்கிறது. பக்கத்துப் பாக்குத்தோப்பில் வடிகால் வெட்டினால், வாய்க்கால் சதுப்பைத் தொடாவிட்டாலும், நிலத்தடி ஈரம் அந்தப் பக்கம் இறங்கும். சேறு ஏப்ரலிலேயே வெடிக்கும், குழி பறிக்க முடியாது. மேல்புறம் சாலைமேடு போட்டுக் குழாய் வைக்காமல் விட்டால் மழைநீர் சீராகப் பரவாது. ஒரு பக்கம் குழி மூழ்கும் முன்பே முட்டை காயும், மறுபக்கம் முட்டையிடும் முன்பே குழி மூழ்கும்.

சதுப்பின் ஓரத்தில் வடிகால் ஏற்கெனவே இருந்தால் அதை முழுக்கத் தூர்க்க வேண்டும் என்பதில்லை. தோப்புக்காரர் ஒப்பவும் மாட்டார். வாய்க்காலில் இடையிடையே மரப்பலகைத் தடுப்பு வைத்து, வேனிலில் பலகையை ஏற்றி நீர்மட்டத்தைச் சதுப்பின் தரைக்குச் சமமாக நிறுத்தலாம். மழை உச்சத்தில் பலகையை எடுத்துவிட்டால் தோப்பும் அழுகாது. மட்டத்தை அளக்கச் சதுப்புக்குள் துளையிட்ட பிவிசி குழாய் ஒன்றை அரை மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, வாரம் ஒருமுறை அளவுகோல் விட்டுப் பார்த்தால் போதும். குழாயைச் சதுப்பின் ஓரத்திலும் நடுவிலுமாக வைக்க வேண்டும், ஓரம்தான் முதலில் வடியும். பலகையை ஏற்றும் நாளைத் தோப்புக்காரரே மார்ச்சில் முடிவுசெய்யும்படி விட்டால் வேலை ஒழுங்காக நடக்கும். அவருக்கும் வேனிலில் பாக்குக்கு நீர் வேண்டும்.